சங்கம் வேண்டும்தான், முதலில் ஓர் ஆய்வுமேசை வேண்டும்

ஆசிரியருக்கு,

வன்னியில் ஊறுகாய், சரக்குத்தூள், ஒடியல் மா, கச்சான் அல்வா, நெல்லிச்சாறு என்று செய்து விற்கிற சிறு உற்பத்தியாளர்களுக்குத் தனியாக ஒரு சங்கம் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல பேச்சு. ஆனால் சங்கம் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் கடன், மானியம், கண்காட்சியில் ஒரு கடை என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. கண்காட்சிக்குக் கொழும்பில் இலங்கை உணவு பதனிடுவோர் சங்கம் இருக்கிறது. பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் அது நடத்தும் ப்ரோஃபூட் கண்காட்சி பலருக்கும் தெரிந்ததுதான். அங்கே மேசை எடுப்பதற்கென்று கிளிநொச்சியில் இன்னொரு தலைவர், செயலாளர், பொருளாளர் தேவையில்லை.

உணவு உற்பத்தியாளர் சங்கம் ஒன்று உருப்படியாக என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. தகரத்தில் உணவு அடைப்பவர்கள் அங்கே 1907 இல் தேசிய சங்கம் அமைத்தார்கள். 1913 இல் வாஷிங்டனில் சொந்த ஆய்வுகூடம் திறந்தார்கள். அதற்குப் பொறுப்பாக வந்த பிகலோ என்பவர் அதுவரை அரசாங்கத்தின் இரசாயனப் பணியகத்தில் வேலை பார்த்தவர். தங்களைச் சோதித்த பக்கத்திலிருந்தே ஆளை எடுத்திருக்கிறார்கள். 1919 இல் கலிபோர்னியாவிலிருந்து போன கண்ணாடிப் போத்தல் ஒலிவ் காயைச் சாப்பிட்டவர்கள் ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் இறந்தார்கள். காரணம் பொட்டுலினம் கிருமியின் நஞ்சு. அப்போது சங்கத்துக்காரர் பத்திரிகைக்கு மறுப்பு எழுதிக்கொண்டு இருக்கவில்லை. கலிபோர்னிய உற்பத்தியாளர்களோடு சேர்ந்து ஆராய்ச்சிக்குப் பணம் போட்டார்கள். ஒலிவை 115 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் 40 நிமிடம் சூடாக்க வேண்டும் என்று 1920 இல் கலிபோர்னியா விதி போட்டது. இந்தக் கிருமி சூட்டைத் தாங்கக்கூடிய வித்தாக மாறிக் கிடக்கும். அந்த வித்துக்களை 121 பாகையில் கொல்ல எத்தனை நிமிடம் வேண்டும் என்பதை 1922 இல் எஸ்டி, மேயர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். பிற்பாடு சற்றே திருத்தப்பட்ட அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் உலகம் முழுவதும் மீன்ரின் அவிக்கிறார்கள். 1971 இல் சூப் தகரம் ஒன்றால் ஒருவர் இறந்தபோது, எங்களுக்குக் கட்டாய விதி போடுங்கள் என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுத்ததும் இதே சங்கம்தான். 1973 இல் விதி வந்தது.

இதற்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இறால் ஊறுகாய்ப் போத்தல்தான் சம்பந்தம். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் இறாலைப் பொரித்து, வினாகிரியும் மிளகாயும் உள்ளியும் சேர்த்து, மேலே நல்லெண்ணெய் நிற்க அடைக்கிறார்கள். எண்ணெய் மூடி நின்றால் பழுதாகாது என்பது பாதி உண்மை. பூஞ்சணம் பிடிக்காது, சரி. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிக்கு அந்த எண்ணெய்தானே கூரை! இந்த ஊறுகாயில் இதைத் தடுக்க நம்பக்கூடியது புளிப்புத்தான். புளிப்பை அளக்கும் பிஎச் இலக்கம் (அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6 க்குக் கீழே நின்றால் பொட்டுலினம் வளராது. கொதிக்க வைத்தோமே என்பதில் பயனில்லை, 100 பாகையில் அதன் வித்துச் சாகாது.

பிழை பெரும்பாலும் அளக்கும் நேரத்தில் நடக்கிறது. அடைத்த அன்றே சாற்றைத் தொட்டு அளந்தால் நன்றாகப் புளித்ததாகவே காட்டும். ஆனால் இறாலின் உட்பக்கம் அப்போது கிட்டத்தட்ட 7 இல் இருக்கும். புளிப்பு உள்ளே இறங்கச் சில நாள் எடுக்கும், இறங்கும்போது இறாலின் புரதம் அமிலத்தின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், சாற்றின் பிஎச் மேலே ஏறும். மாங்காய் ஊறுகாயில் இந்தத் தொல்லை இல்லை, மாங்காயே புளிப்பு. மாங்காய்க்குச் சரிவந்த வினாகிரி அளவை இறாலுக்கும் போடுவதுதான் ஆபத்து. ஆகவே ஒரே தடவையில் செய்து அடைத்த ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு போத்தலை நாலைந்து நாள் வைத்து உடைக்க வேண்டும். எண்ணெயை வடித்து, இறாலையும் சாற்றையும் சேர்த்து அரைத்து அளக்க வேண்டும். எண்ணெய் பட்டால் பிஎச் மீற்றரின் முனை பிழை காட்டும். 4.2 க்குள் நின்றால் நிம்மதி. 4.6 ஐத் தாண்டினால் அந்த அடுக்கு கடைக்குப் போகக்கூடாது. நிறம் மாறும் கடதாசி இதற்கு உதவாது, மிளகாயும் மஞ்சளும் கடதாசியின் நிறத்தை விழுங்கிவிடும். மீற்றரை வேலை செய்கிற ஒவ்வொரு நாளும் 7.00, 4.00 கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். கழுவி உலர்த்திப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. முனை காய்ந்தால் மீற்றர் பொய் சொல்லும். அதற்குரிய கரைசலில் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரிலும் வைக்கக்கூடாது.

கச்சானுக்கு வேறு கதை. காலபோக மழை இழுபட்டு, சரியாகக் காயாத கச்சானைச் சாக்கோடு சீமெந்து நிலத்தில் அடுக்கினால் பூஞ்சணமும் அதோடு அஃப்ளடொக்சின் நஞ்சும் வரும். வறுத்தால் முழுதாகப் போகாது. நெல் ஆலை ஈரமானியைக் கொண்டுவந்து கச்சானைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கச்சானுக்கான அளவுகோல் இல்லையென்றால் காட்டும் இலக்கம் வெறும் இலக்கம்தான். ஒரு மூட்டையில் சில பருப்பு மட்டும் நஞ்சேறியிருக்கும் என்பதால் ஒரு கைப்பிடி மாதிரி போதாது, பல மூட்டையிலிருந்தும் கிலோக்கணக்கில் எடுத்து அரைத்துத்தான் அனுப்ப வேண்டும். தனி ஒருவருக்கு இந்தச் செலவு கட்டாது. பத்துப் பேர் பகிர்ந்தால் கட்டும். சங்கம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

லேபலிலும் ஒரு வழக்கம் மாற வேண்டும். தொகுதி இலக்கம், அதாவது எந்த அடுக்கில் செய்த போத்தல் என்று காட்டும் இலக்கம், சட்டத்துக்காகப் போடும் அலங்காரம் இல்லை. எல்லாப் போத்தலிலும் ஒரே இலக்கத்தை அச்சடித்து வைத்தால், பிழைத்த ஒரு அடுக்கைத் திருப்பி எடுக்க வேண்டி வரும்போது கடையில் இருக்கும் அத்தனையையும் எடுக்க வேண்டும்.

அமெரிக்கச் சங்கத்தின் பிற்காலத்தையும் மறைக்கக்கூடாது. 1978 இல் பெயர் மாறி, 2007 இல் மளிகை உற்பத்தியாளர் சங்கத்தோடு அது இணைந்தது. மரபணு மாற்றிய உணவுக்கு லேபல் வேண்டுமா என்று வாஷிங்டன் மாநிலத்தில் 2013 இல் வாக்கெடுப்பு நடந்தபோது, இணைந்த அந்தச் சங்கம் கம்பனிகளிடம் பணம் திரட்டி, கொடுத்தவர் யார் என்பதை மறைத்துத் தன் பெயரில் எதிர்ப் பிரசாரத்துக்குக் கொடுத்தது. 2016 இல் நீதிமன்றம் 1 கோடி 80 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. ஆய்வுகூடத்தால் பெயர் எடுத்த பரம்பரை இப்படியும் ஆனது. யார் கூடுதலாகப் பணம் போடுகிறாரோ அவர் சொல்வதுதான் சங்கத்தின் சொல் என்றாகிவிடும். ஆகவே இங்கே சந்தா எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும், வெளியிலிருந்து வரும் பணம் ஒவ்வொன்றும் பெயரோடு பலகையில் எழுதப்படட்டும்.

தொடக்கத்துக்குக் கட்டடம் வேண்டாம், ஓர் ஆய்வுமேசை போதும். பிஎச் மீற்றர் ஒன்று, கச்சானுக்கும் அளவுள்ள ஈரமானி ஒன்று, நல்ல வெப்பமானி இரண்டு, அரைக்க ஒரு கிரைண்டர், அளந்ததை எழுத ஒரு கொப்பி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் அந்தக் கொப்பியைத் தயங்காமல் காட்ட வேண்டும். இடம் மாங்குளம் என்றால் வசதி. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் அங்கேதான் சந்திக்கின்றன. ஒட்டுசுட்டானிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ பையில் ஒரு போத்தலோடு காலையில் பஸ் ஏறினால், அளந்துகொண்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முள்ளியவளை.