நம் தளத்தில் திறக்காத இணைப்புகள்

எல்லோருக்கும் வணக்கம்.

டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வர்த் ஞாயிறு தமிழ் வகுப்பின் இணையதளத்தில் பல இணைப்புகள் வேலை செய்யவில்லை. தொட்டால் 404 என்று வருகிறது. அந்த முகவரியில் பக்கம் இல்லை என்று பொருள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்ததைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் திறக்கவில்லை. பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

பெரும்பாலான பக்கங்கள் அழியவில்லை. தளத்தைப் புதுப்பித்தபோது கோப்புகளை இடம் மாற்றினோம், பழைய இணைப்புகளைத் திருத்தவில்லை. அப்புறம் கோப்புப் பெயர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்று வீட்டில் உள்ள விண்டோஸ் பார்ப்பதில்லை. தளம் இருக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு கிடைக்காது.

சனிக்கிழமை இரவுக்குள் உங்கள் பிள்ளையின் வகுப்புப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த முகவரியையும், அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் இங்கே போடுங்கள். இணைப்புகளைச் சோதிக்கும் மென்பொருளையும் ஓட்டுகிறேன். ஆனால் பக்கம் திறந்து, உள்ளே வேறு பாடம் இருந்தால் அதற்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

இடம் மாறிய பக்கங்களுக்குப் பழைய முகவரியிலிருந்து 301 வழிமாற்று (புதிய முகவரிக்குத் தானாகக் கொண்டுபோகும் ஏற்பாடு) போடுகிறேன். தாத்தா பாட்டிகள் வாட்ஸ்அப்பில் சேர்த்து வைத்திருக்கும் பழைய இணைப்பும் அப்போது திறக்கும். தளத்திலேயே இல்லாதவற்றை, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடுவேன். அங்கேயும் எல்லாம் கிடைக்காது. அதனால் பிள்ளைகளின் கட்டுரை நகல் யாரிடமாவது இருந்தால், கையெழுத்துப் பிரதியின் போட்டோவாக இருந்தாலும் சரி, தயவுசெய்து அனுப்புங்கள்.