கூலன்ட் மாற்றப் போகும் மகளுக்கு

கோத்தகிரி,
மார்கழி மாதம்.

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு இம்முறை பேருந்தில் வராமல் காரிலேயே வரப்போவதாகவும், அதற்கு முன் உன் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை நீயே மாற்றிவிட எண்ணியிருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னாய். தாராளமாக மாற்று, அது உன்னால் முடியாத வேலை அல்ல. ஆனால் யாரோ ஒரு பணிமனைக்காரர் "சென்னை வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரே போதும்" என்று சொன்னதாக நீ சேர்த்துச் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேதியியல் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவளிடம் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன்.

வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு இணையான திரவம் எளிதில் கிடைக்காது. அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வெறுந்தண்ணீர் எஞ்சினில் உள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அதுவும் ஆழ்குழாய்க் கிணற்று நீரானால், அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களுக்குள் படிந்து வழியை அடைத்துவிடும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்தி உறைநிலையைத் தாழ்த்துகிறது. அதனுடன் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் உலோகத்தைக் காக்கின்றன. கிளைக்கால் சீக்கிரம் கெடுவதில்லை. தடுப்பான்கள்தாம் நாளாக நாளாகத் தீர்ந்துபோகின்றன. ஆகவே பார்வைக்குத் தெளிவாக இருக்கும் கூலன்ட்டையும், வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும், காலம் வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய வகைகளுக்கு 2 ஆண்டு, நீண்ட ஆயுள் வகைகளுக்கு 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. உன் வண்டிக்கு உரியது எது என்பதைக் கையேட்டில் பார்.

மலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேகாமல் நாம் குக்கரையே நம்பியிருப்பது அதனால்தான். ரேடியேட்டர் மூடியும் குக்கரின் குண்டைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆனால் அந்த மூடி தாங்கும் அழுத்தம் வெளியில் இருக்கும் காற்றழுத்தத்தோடு சேர்ந்ததாகையால், மேலே ஏற ஏற மொத்த அழுத்தம் குறைந்து, கொதிநிலையும் சில டிகிரி இறங்கும். அதே நேரத்தில் அடிவாரத்து மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சுமார் 1,500 மீட்டர் உயரத்தை வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறுகிறது. எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, முன்னால் வீசும் காற்றோ குறைவு. சென்னைச் சாலையில் ஆண்டு முழுவதும் வெளித்தெரியாமல் இருந்த குறை கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஆவியாகக் கிளம்பும். இங்கு வந்து சேர்ந்த பிறகு நிலைமை நேர்மாறு. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கங்களில் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழுகிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்று உனக்கு நானே சொல்லித்தந்திருக்கிறேன். அந்த விரிவுக்கு ரேடியேட்டர் குழல் ஈடுகொடுக்காது.

இனி வேலைக்கு வருகிறேன். முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில்தான் தொட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விலகி, அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த திரவம் முகத்தில் ஆவியாகப் பாயும். துணி சுற்றித் திறந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதே. சாவியையும் எடுத்துவிடு, ஏனெனில் சில வண்டிகளில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். பிறகு அடியில் அகலமான பேசினை வைத்து, ரேடியேட்டரின் கீழ் மூலையில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்து. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் முரட்டுத்தனம் கூடாது. மேல் மூடியைத் திறந்தால் ஓட்டம் வேகமாகும். உன் வண்டியில் ரேடியேட்டருக்கென்று தனி மூடி இல்லாமல், அழுத்தம் தாங்கும் தொட்டி மட்டும் இருந்தால் அதன் மூடியையே திறக்க வேண்டும்.

வடிந்தது தெளிவாகவும், புதிதாக ஊற்றப்போவது அதே வகையாகவும் இருந்தால் அலசத் தேவையில்லை. துருவேறிக் கலங்கியிருந்தால், திருகை மூடி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி முழுவதும் ஆறவிட்டு வடிக்க வேண்டும். வடியும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்.

பலரும் தவறவிடும் கணக்கு இங்கேதான் வருகிறது. ரேடியேட்டரை வடித்தாலும் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் அலசிய தண்ணீர் தங்கிவிடும். கையேடு மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்கிறது, வடிந்ததோ 3 லிட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். நீ கடையில் விற்கும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால், உள்ளே போகும் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். 5 லிட்டரில் அது 30 விழுக்காடு. அதற்குப் பதிலாகக் கலக்காத கூலன்ட்டை முதலில் 2.5 லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரை ஊற்றினால் கணக்குச் சரியாகப் பாதிக்குப் பாதி ஆகும். அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. நம் மலைக்கு அது மிகையான காப்பு. அதற்காக இன்னும் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் நல்லது என்று எண்ணிவிடாதே: தண்ணீர் கலக்காத கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும். நிறத்தைப் பார்த்தும் வாங்காதே. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்பவை உற்பத்தியாளர் விருப்பத்துக்குச் சேர்க்கும் சாயங்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. ஒவ்வாத வகைகள் கலந்தால் கூழாகத் திரண்டு குழல்களை அடைக்கும்.

நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். உன் குடியிருப்பின் தரைத்தளத்துக்கு இறங்கும் சரிவில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல்லும் வை. மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைச் சூடேறுமுன் அவ்வப்போது அழுத்திவிடு. குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்று. காற்று நீக்கும் திருகு உள்ள வண்டியானால் அதன் முறையைக் கையேட்டின்படியே செய். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். சென்னையில் அதை யாரும் தொடுவதில்லை என்பதால் அதன் குமிழே இறுகியிருக்கக்கூடும், முன்கூட்டியே திருப்பிப் பார். திரவம் பொங்கி வரத் தொடங்கினால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு ஒதுங்கு. குமிழிகள் அடங்கியதும் மூடியை இறுக்கி, விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும்வரை ஓடவிடு. ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் உள்ளே இன்னும் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். ரிசர்வ் தொட்டியை இரு கோடுகளுக்கும் நடுவில் நிரப்பு. அடுத்த சில காலைகளில் வண்டி ஆறியிருக்கும்போது மட்டம் பார்த்து, குறைந்ததை ஈடுசெய்.

வடித்த பழைய கூலன்ட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது இனிக்கும், தெரு நாயோ பூனையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும். உங்கள் காவலாளியின் பேத்தி விளையாடும் இடத்தில் பேசினை ஒரு கணமும் திறந்து வைக்காதே. சாக்கடையில் ஊற்றாமல், காலிக் கேனில் இறுக மூடி, பெயர் எழுதி, பழைய எண்ணெய் வாங்கும் பணிமனையில் கொடு. இங்கே நான் இன்னும் கடுமையாக இருப்பேன், ஏனெனில் காட்டுமாடு நம் வாசல்வரை வந்து போகிறது, இம்மலையின் ஓடைகளில் பெரும்பாலானவை பவானியிலும் மோயாற்றிலும் சேர்கின்றன.

வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் தங்கினால், காலையில் கிளம்புமுன் மட்டம் பார்த்துவிட்டு ஏறு. ஏற்றத்தில் வெப்ப முள் ஏறினால், அல்லது உன் வண்டியில் முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் இருந்து அது எரிந்தால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடம் வந்ததும் ஒதுக்கி நிறுத்து. ஆவி வந்தால் எஞ்சினை உடனே அணைத்துவிடு. குளிர்ந்த நீரை மட்டும் மேலே ஊற்றிவிடாதே, அலுமினிய மேற்பகுதி கோணிக்கொண்டால் செலவு பெரிது.

எந்தக் கூலன்ட்டை வாங்கினாய் என்று கேனின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அதே வகையில் ஒரு லிட்டர் இங்கே வாங்கி வைக்கிறேன். குன்னூர்க் கடையில் கிடைக்குமா என்று திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா