அரங்கை நிரப்பியவர் கிளார்க், ஏற்றத்தைத் தொடங்கியவர் பாஸ்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. பற்றி நம் நாளிதழ்களில் ஆண்டுக்கு நான்கு செய்தி வந்தாலே அபூர்வம் என்பதால், தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இந்தியானா ஃபீவர் அணியைப் பற்றி வந்த சிறு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கெய்ட்லின் கிளார்க் என்ற ஒரே ஒரு புதுமுக வீராங்கனை வந்து, கிடையாகக் கிடந்த அணியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திவிட்டார் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குக் கூடைப்பந்து பழக்கிய உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில், அந்த வரியில் பாதி மட்டுமே சரி என்று சொல்ல விரும்புகிறேன்.

சரியான பாதி கூட்டத்தைப் பற்றியது. 2023ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரின் கெயின்பிரிட்ஜ் ஃபீல்டுஹவுஸ் அரங்கில் ஃபீவர் ஆடிய ஆட்டங்களுக்கு வந்தவர்கள் சராசரியாக 4,067 பேர். பதினேழாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில் நான்கில் மூன்று பங்கு காலி. 2024 ஏப்ரல் 15 அன்று டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாகக் கிளார்க் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு அதே அரங்கின் சராசரி 17,036. அவர் போன ஊர்களிலும் இதே கதைதான். லாஸ் வேகாஸ் அணி தன் வழக்கமான அரங்கை விட்டுப் பெரிய அரங்குக்கு மாறியது. வாஷிங்டன் அணியின் சொந்த அரங்கில் நான்காயிரத்துச் சொச்சம் பேர்தான் அமர முடியும் என்பதால், செப்டம்பர் 19 ஆட்டத்தை ஆண்கள் லீக்கான என்.பி.ஏ. அணி ஆடும் அரங்கில் வைத்தார்கள்; 20,711 பேர் வந்தார்கள். இதில் யாரும் கிளார்க்கோடு பங்கு கேட்க முடியாது. அயோவா பல்கலைக்கழகத்துக்காக அவர் குவித்த 3,951 புள்ளிகளையும், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகு தொலைவிலிருந்து அவர் போட்ட பந்துகளையும் பார்த்துப் பழகிய கூட்டம் அவருக்குப் பின்னாலேயே இந்தியானாவுக்கு வந்தது.

ஆனால் வெற்றிக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2022இல் ஃபீவர் 36 ஆட்டங்களில் ஐந்தே ஐந்தில் வென்ற அணி. தோற்பவர்களுக்கு டிராஃப்டில் முன்னுரிமை கிடைக்கும் வகையில் குலுக்கல் நடப்பதால், அந்த அவமானத்தின் பலனாக 2023இல் அவர்களுக்கு முதல் தேர்வு கிடைத்தது. அதில் வந்தவர் அலியா பாஸ்டன். வர்ஜின் தீவுகளில் பிறந்து, தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடி வந்த உயரமான, அமைதியான ஆட்டக்காரர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாக ஒரு வாக்குகூடச் சிதறாமல் தேர்வானார். அணி 40 ஆட்டங்களில் 13 வென்றது. அடுத்த ஆண்டு கிளார்க் வந்த பிறகு 40இல் 20. விழுக்காட்டில் பார்த்தால், பாஸ்டன் வந்த ஆண்டின் முன்னேற்றம் கிளார்க் வந்த ஆண்டின் முன்னேற்றத்தைவிட ஒரு நூல் அதிகம். இரண்டையும் தனி ஆளின் கணக்கில் எழுதுவது தவறு. 2023இல் பயிற்சியாளராகக் கிறிஸ்டி சைட்ஸும் புதிதாக வந்திருந்தார். ஆயினும் தங்கள் கட்டுரையில் பாஸ்டனின் பெயரே இல்லாததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் தேர்வாக வந்து, ஏகமனதாகச் சிறந்த புதுமுகமாகி, அணியின் வெற்றியை இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்திய ஒருவரைப் பார்க்க நாலாயிரம் பேர்தான் வந்தார்கள் என்றால், கூட்டத்தை வைத்து ஆட்டத்தை அளக்க முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கிளார்க்கின் முதல் ஆட்டத்தை 2024 மே 15 அன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கைப்பேசியில் பார்த்தேன். அங்கே கனெக்டிகட்டில் அது முந்தின நாள் இரவு. இருபது புள்ளி எடுத்தார். ஆனால் பத்து முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். ஆட்டம் 92–71 என்று கைவிட்டுப் போனது. கனெக்டிகட் வீராங்கனைகள் அவரை நடுக்கோட்டிலேயே எதிர்கொண்டு, தோளோடு தோள் உரச நின்று, பந்து தட்டும் கையின் பக்கமாகவே நெருக்கினார்கள். கல்லூரியில் அந்த நெருக்கத்தை ஒரே அசைவில் தாண்டிப் போனவருக்கு இங்கே தாண்டிய பிறகும் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். நான் கவனித்தது இன்னொன்று. இழந்த பந்துகள் எல்லாம் கவனக்குறைவால் போனவை அல்ல. சில பாஸ்கள் சரியான இடத்துக்கே போயின, ஆனால் வாங்க வேண்டியவர் இன்னும் திரும்பவில்லை. என் பள்ளி மைதானத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களைவிட அரை நொடி முன்னால் ஆட்டத்தைப் பார்க்கிற பெண் ஒருத்தி அணிக்கு வந்தால், முதல் மாதம் பந்து தோழிகளின் தோளிலும் முழங்கையிலும் பட்டுத் தெறிக்கும்; அவளைத் திட்டுவதா, மற்றவர்களைத் திட்டுவதா என்று பயிற்சியாளருக்கே விளங்காது.

அந்த முதல் மாதம் அவர்களுக்குக் கொடுமையாகவே அமைந்தது. ஏப்ரல் 7 அன்று கல்லூரி இறுதியாட்டத்தில் தோற்ற கிளார்க், ஐந்து வாரம் முடிந்த கையோடு தொழில்முறைக் களத்தில் நின்றார். அணிக்கோ முதல் இருபது நாளில் பதினொரு ஆட்டங்கள். கூடிப் பயிற்சி எடுக்க நேரமே இல்லை. முதல் ஒன்பதில் ஒன்றுதான் வெற்றி. அப்போது அரங்குகள் நிரம்பித்தான் இருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், நான் கெல்சி மிட்செலைக் காட்டுவேன். 2018இல் இரண்டாவது தேர்வாக ஃபீவருக்கு வந்து, ஆறு சீசன் ஆடி, ஒரு முறைகூடப் பிளே-ஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றைப் பார்க்காதவர் அவர். அத்தனை ஆண்டுகளும் அணியில் பந்தைப் போடத் தெரிந்தவர் அவர்தான் என்று எதிரணிக்குத் தெரிந்திருந்ததால், அவர் பந்தைத் தொட்ட மாத்திரத்தில் தற்காப்பு அவரை நோக்கிச் சாயும். கிளார்க் வந்தபின் அந்தச் சாய்வு இடம் மாறியது. நடுக்கோட்டைத் தாண்டிய நான்காவது எட்டிலேயே எறிந்துவிடக்கூடிய ஒருவரை யாரும் விட்டு நிற்க முடியாது. பாஸ்டன் மேலே ஏறி வந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது கிளார்க்கைக் காப்பவளின் வழியை உடலால் மறித்து நிற்பார். கிளார்க்கைக் காத்தவளும் பாஸ்டனைக் காத்தவளும் இருவருமாகப் பந்தின் மேல் பாய்வார்கள். அந்த நேரத்தில் பாஸ்டன் இடுப்பைத் திருப்பிக் கூடையை நோக்கி இரண்டடி எடுத்து வைக்க, இரண்டு பேருக்கும் நடுவே தரையில் ஒரு தட்டுத் தட்டிய பாஸ் அவர் வலக்கைக்கு வந்து சேரும். இப்போது தாக்குகிற நான்கு பேருக்குத் தடுக்க மூன்று பேர்தான். பாஸ்டனைத் தடுக்க மூலையிலிருந்து ஒருத்தி ஓடி வந்தால், அந்த மூலையில் மிட்செல் தனியாக நிற்பார். அந்த சீசனில் மிட்செலின் சராசரி 19.2 புள்ளி, கிளார்க்கின் சராசரியும் அதே 19.2தான். இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒரு நட்சத்திரம் வந்ததால் பழைய நட்சத்திரம் ஒளி இழக்கவில்லை என்பது தற்செயல் அல்ல.

ஜூலை 6 அன்று நியூயார்க் லிபர்டி அணியை 83–78 என்று வென்றபோது கிளார்க் 19 புள்ளி, 12 ரீபவுண்ட் (தவறிய எறிவில் பிடித்த பந்து), 13 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) எடுத்தார். மூன்று கணக்கிலும் பத்தோ அதற்கு மேலோ எடுக்கும் இதை டிரிபிள்-டபுள் என்பார்கள்; அந்த லீக்கில் ஒரு புதுமுகத்தின் முதல் டிரிபிள்-டபுள் அது. பதினொரு நாள் கழித்து, ஜூலை 17இல், டல்லாஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்து லீக் சாதனையை உடைத்தார். அந்த ஆட்டத்தில் ஃபீவர் தோற்றது. நான் அதை வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் சாதனைப் பட்டியல் எழுதுகிறவர்கள் ஆட்டத்தின் முடிவை எழுத மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பிக்ஸ் இடைவேளையின்போது அணி 11 வெற்றி, 15 தோல்வி. அமெரிக்க அணிக்குக் கிளார்க்கை எடுக்காததைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. எனக்கோ அந்த ஒரு மாத ஓய்வுதான் ஃபீவருக்குக் கிடைத்த பெரிய கொடை என்று தோன்றியது. முதல் முறையாக அவர்களுக்குக் கூடிப் பழக நாள் கிடைத்தது. திரும்பி வந்து ஆடிய 14 ஆட்டங்களில் 9 வெற்றி. 2016க்குப் பிறகு முதல் முறையாகப் பிளே-ஆஃப் இடம். சீசன் முடிவில் கிளார்க்கின் 337 அசிஸ்ட் அதுவரை எவரும் ஒரே சீசனில் கொடுத்திராத எண்ணிக்கை. 223 டர்ன்ஓவர், அதாவது எதிரணியிடம் இழந்த பந்துகள், என்பதும் அப்படித்தான்.

இரண்டாவது எண்ணைச் சொல்ல நம் செய்தியாளர்கள் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பந்து முழு நேரமும் அவர் கையிலேயே இருந்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்துத்தான் அணி அவரது பார்வையை வாங்கியது. தற்காப்பில் ஃபீவர் கடைசி வரை ஓட்டையாகவே இருந்தது. பிளே-ஆஃப் முதல் சுற்றில் அதே கனெக்டிகட் அணி இரண்டு ஆட்டத்தில் கதையை முடித்தது. முதல் ஆட்டத்தில் கிளார்க் 17 முறை எறிந்து 4 முறைதான் கூடையில் போட்டார். அந்த இலையுதிர் காலத்திலேயே சைட்ஸ் நீக்கப்பட்டு, ஸ்டெபனி வைட் பயிற்சியாளரானார்.

தங்கள் கட்டுரை 2024உடன் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டைப் பார்த்திருந்தால் தலைப்பே மாறியிருக்கும். 2025இல் கிளார்க் காயங்களால் 13 ஆட்டம் மட்டுமே ஆடினார். ஜூலை நடுவில் போனவர் பிறகு திரும்பவே இல்லை. ஜூலை 1 அன்று மினசோட்டாவில் நடந்த, சீசனின் நடுவே வரும் கமிஷனர் கோப்பையின் இறுதியாட்டத்திலும் அவர் பெஞ்சில்தான் அமர்ந்திருந்தார். ஃபீவர் 74–59 என்று வென்று கோப்பையை எடுத்தது. மேலும் பல வீராங்கனைகள் காயத்தில் விழுந்தும், 44 ஆட்டங்களில் 24 வென்று, பிளே-ஆஃபில் அட்லாண்டாவைத் தோற்கடித்து, அரையிறுதியில் அந்த ஆண்டின் சாம்பியனான லாஸ் வேகாஸை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றது. இதைப் பார்த்து, கிளார்க் இல்லாமலே வெல்ல முடிகிறதே, அவர் தாக்கம் வெறும் விளம்பரம்தானே என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் பாதிதான் சரி. ஒப்பந்தம் முடிந்திருந்த மிட்செல் இந்தியானாவிலேயே தங்கியதும், அனுபவசாலிகள் அங்கே வரச் சம்மதித்ததும், முந்தைய ஆண்டின் வெற்றியும் நிறைந்த அரங்கமும் இல்லாவிட்டால் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அவரால் அணிக்குக் கிடைத்த தகுதியை, அவர் இல்லாத ஆண்டில் மற்றவர்கள் செலவழித்தார்கள், வீணாக்காமல் செலவழித்தார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை கூட்டத்தைக் கூட்டியவரின் முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். முந்தைய ஆண்டு என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் தேர்வாக வந்த இளைஞருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். 2024 ஜூலையில் லீக் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு மே மாதம்தான் எல்லா அணிகளுக்கும் தனி விமான வசதி வந்தது. அதுவரை ஆறரை அடி உயரப் பெண்கள் சாதாரணப் பயணிகளின் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனார்கள். இந்தக் கவனத்தில் நிறத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கறுப்பினப் பெண்களே பெரும்பான்மையாக இருந்து வளர்த்த லீக் அது. வெள்ளையராக இருப்பதால் தனக்குக் கிடைக்கும் சலுகையை, 2024 டிசம்பரில் 'டைம்' இதழ் பேட்டியில் கிளார்க்கே ஒப்புக்கொண்டார். ரசிகர் சண்டைகளைவிட அந்த ஒப்புதல் எனக்கு மதிக்கத்தக்கதாகத் தெரிகிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த சீசன் தொடங்கும்போது, யார் யாரை இடித்தார் என்ற செய்திக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை, ஃபீவர் ஆடும் ஆட்டங்களின் சுருக்க அட்டவணைக்குக் கொடுங்கள். கிளார்க், மிட்செல், பாஸ்டன் மூவரின் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், டர்ன்ஓவர் மட்டும் இருந்தால் போதும். எங்கள் மைதானத்துச் சுவரில் ஒட்டி வைப்பேன். மீதியை மாணவியரே படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.