ஏழு சீசன் போதாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்டெர்லிங் ஷார்ப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் ஷானன் ஷார்ப்பின் அண்ணன் என்று. மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1988 முதல் 1994 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் வைடு ரிசீவர், அதாவது வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர், ஸ்டெர்லிங். ஏழு சீசனில் 112 லீக் ஆட்டம், ஒன்றில்கூட இல்லாமல் போனதில்லை. 1992-இல் 108 கேட்ச், 1,461 யார்டு, 13 டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்துப் புள்ளி எடுப்பது), மூன்றிலுமே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அவர்தான் முதல். அந்த 108 அன்றைக்குச் சாதனை. அடுத்த வருஷமே, கால் பெருவிரல் காயத்தால் சரியாகப் பயிற்சிகூடச் செய்ய முடியாத நிலையில், 112 பிடித்து அதையும் தாண்டிவிட்டார். 1994 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸுடன் நடந்த பிளேஆஃப் (லீக் முடிந்தபின் வரும் நாக்அவுட்) ஆட்டத்தில், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக நேரம் இருக்கும்போது பேக்கர்ஸின் பந்து வீசும் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவர் இடப்பக்கம் ஓடியபடியே மைதானத்தின் மறுகோடிக்கு வீசிய பந்தை, யாருமே காவலுக்கு இல்லாமல் நின்று பிடித்தாரே, அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஆட்டத்தில் அது அவருடைய மூன்றாவது டச்டவுன்.

அதே ஆண்டு டிசம்பரில் கழுத்தில் அடி. டாம்பா பேயுடன் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் மூன்று டச்டவுன் (சீசனுக்கு மொத்தம் 18), அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. வயது 29. இரண்டு சீசன் கழித்து பேக்கர்ஸ் என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தபோது அவர் அணியில் இல்லை. தம்பி ஷானன், டென்வருக்காக அதே பேக்கர்ஸை வீழ்த்தி வாங்கிய தன் முதல் சூப்பர் பவுல் மோதிரத்தை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார்.

ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்காததற்கு, ஆட்டக்காலம் குறைவு என்பதுதான் எப்போதும் சொல்லப்பட்ட காரணம். அப்படியென்றால் 68 ஆட்டமே ஆடிய, ஒரு பிளேஆஃப்கூட ஆடாத கேல் சேயர்ஸை 1977-இல் 34 வயதிலேயே எப்படிச் சேர்த்தார்கள்? 78 ஆட்டம் ஆடிய டெரல் டேவிஸ் 2017-இல் உள்ளே போனார். ஸ்டெர்லிங் ஷார்ப் மட்டும் 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பழைய வீரர்களுக்கான சீனியர் பிரிவு வழியாக! ஆடிய காலத்தில் அவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசாதவர், வாக்களிக்கும் குழுவில் பெரும்பாலோர் பத்திரிகைக்காரர்கள். இதையும் யாராவது எழுதத்தான் வேண்டும்.

ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் சகோதரர்கள் இவர்கள் இருவரும்தான். 2011-இல் தன் ஏற்புரையிலேயே, எங்கள் வீட்டில் நான் இரண்டாவது சிறந்த வீரன்தான் என்று சொன்னவர் ஷானன். அடுத்த இதழில் ஸ்டெர்லிங்குக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்