இறகு ஒட்டுவதற்கு முன்னால்

போர்ட் ஆஃப் ஸ்பெயின், ட்ரினிடாட்
மார்ச் 9

அன்புள்ள மீனா,

அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எழுந்து நடக்கிறார்களா? மாடிப்படி மட்டும் ஏற விடாதே. சொன்னால் கேட்கமாட்டார்கள், அதனால் கட்டிலைக் கீழறைக்கு இறக்கிவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு பாயிண்ட் லிசாஸில் ஷிப்ட் மாறியிருக்கிறது, இனி இரவு வேலை இல்லை. சின்னவள் பள்ளியில் ஸ்டீல்பேன் என்கிற உலோக மேளம் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் இருக்கிற எந்தப் பாத்திரமும் தப்புவதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 'கரீபியன் நைட்' நடத்தப் போகிற ஹோட்டல்காரர்கள் உன்னிடம் 20 உடை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த படங்களைப் பார்த்தேன். மணி கோத்த பிகினி, முதுகில் இறகு, தலையில் அமெரிக்கப் பழங்குடித் தலைவர் வைக்கிற மாதிரி பெரிய இறகுக் கிரீடம். நான்கு பேருக்கு உடம்பு முழுக்கக் கறுப்புச் சாயம் வேறு. "இப்படித் தைக்கிறது தப்பில்லையா, இல்லை நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா?" என்று எழுதியிருந்தாய். நீ யோசிப்பது சரிதான். ஆனால் தப்பு, சரி என்று ஒரு வரியில் என்னால் சொல்ல முடியவில்லை. தவக்காலத்துக்கு முன் தெருவில் வேஷம் கட்டி ஆடுகிற திருவிழாதான் கார்னிவல். அடுத்தவர் உடையைப் போட்டுக்கொண்டு ஆடியதில்தான் இந்த ஊர் கார்னிவலே வளர்ந்தது.

1783க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் ட்ரினிடாடுக்குக் கூட்டமாக வந்து குடியேறினார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முன் அவர்கள் வீடுகளில் மாறுவேட விருந்து நடக்கும். முதலாளிகளே தங்கள் அடிமைகளைப் போல வேஷம் போட்டு ஆடியதும் உண்டு. அடிமைகளுக்கு அதில் இடம் கிடையாது. 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள், இந்த முறை முதலாளியம்மாவை வேஷம் கட்டினார்கள். டேம் லொரேன் என்ற அந்த வேஷத்தை இன்றைக்கும் பார்க்கலாம். மார்பிலும் பின்புறத்திலும் பஞ்சு திணித்து, பூப்போட்ட நீளப் பாவாடை, தொப்பி, விசிறியோடு அசைந்து அசைந்து நடப்பார்கள். 1881இல் கேப்டன் பேக்கரின் போலீஸ் தீப்பந்த ஊர்வலத்தை அடக்கப் பார்த்தது, தெருவில் பெரிய சண்டையே நடந்தது. அப்புறம் மேளத்துக்கும் தடை வந்தது. அடிபட்டுக் காப்பாற்றிய உடைகள் இவை. ஹோட்டல் அனுப்பிய படங்களில் இதில் ஒரு துளிகூட இல்லாததுதான் எனக்கு முதல் வருத்தம்.

அதனால் ஒரு வேஷத்தைப் பார்த்ததும் நான் முதலில் கவனிப்பது, யார் யாரைப் போல ஆடுகிறார்கள் என்பதைத்தான். சாட்டை வைத்திருந்தவன் அடிமையைப் போல ஆடியதும், அடிமையாக இருந்தவள் எஜமானியைப் போல ஆடியதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர், கார்னிவல் குழு நடத்திய ஜார்ஜ் பெய்லி. அவர் வருவதற்கு முன் கார்னிவலில் ஆப்பிரிக்கா என்றாலே பெரும்பாலும் புல் பாவாடை, எலும்பு மாலை, ஈட்டி, உடம்பில் கரிதான். ஆடியவர்களும் ஆப்பிரிக்க வம்சத்தினர்தான் என்பதை நினைத்துப் பார். வெள்ளைக்காரன் வரைந்து கொடுத்த படத்தைத் தங்கள் உடம்பிலேயே போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். பெய்லி புத்தகங்களைத் தேடிப் படித்தார், அரசவை உடைகளையும் நெசவையும் நிறங்களையும் பார்த்தார். 1957இல் 'பேக் டு ஆப்பிரிக்கா' என்ற பெயரில் அவருடைய குழு தெருவில் இறங்கியது. அங்கி அணிந்த அரசர்களும் அரசிகளும் நடந்து போனார்கள். அந்தக் கார்னிவல் திங்களும் செவ்வாயும் மார்ச் 4, 5. மறுநாள் சாம்பல் புதன், மார்ச் 6, அதே நாளில்தான் கானா சுதந்திரம் பெற்றது. இது எனக்குத் தெரிய வந்தபோது உடம்பு சிலிர்த்தது. தன் மூதாதையர் கண்டத்தை மரியாதையோடு உடுத்திக் காட்ட ஓர் இளைஞன் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது, மீனா. சொந்தப் பண்பாடு என்பதற்காக எதுவும் தானாகத் தெரிந்துவிடுவதில்லை. 1960இல் அவரே இங்கிலாந்து வரலாற்றை எடுத்து, கறுப்பு மக்களை ஆங்கில அரசர்களாகவும் பிரபுக்களாகவும் நடக்க வைத்தார். அதற்கும் அதே அளவு உழைப்பு. 1970இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

உனக்குத் தொழில் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேஷம் கட்டி ஆடுவதை இங்கே மாஸ் என்கிறார்கள், அது தயாராகும் கொட்டகை மாஸ் கேம்ப். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து சாயங்காலங்களில் நான் ஒரு சின்ன கேம்ப்பில் போய்த் தைக்கிறேன். அங்கே கம்பி வளைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தரையில் சாக்கட்டியால் முழு அளவில் இறக்கையை வரைந்துவிட்டு, குறடால் கம்பியை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து வளைத்துக்கொண்டு போவார். ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை அதன் மேலேயே வளைப்பார், அப்போதுதான் இரண்டும் அச்சு அசலாக இருக்குமாம். கம்பி சேரும் இடங்களில் துணி நாடாவைப் பசை தடவி இறுக்கிச் சுற்றுகிறார். பற்றவைத்தால் ஆடும்போது விட்டுவிடும், நாடா வளைந்து கொடுக்கும் என்கிறார். தோளில் ஏற்றுவதற்கு முன் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். எங்கே கனம் இருக்கிறது என்று அந்த விரலுக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரிய குழுக்களுக்குப் பாதி உடை சீனாவிலிருந்து பெட்டியில் வந்து இறங்குகிறது. இறகும் மணியும் பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்கிறது. பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பீட்டர் மின்ஷல் வேறு மாதிரி யோசித்தார். 1974இல் அவர் லண்டனில் மேடை வடிவமைப்பாளர். தன் வளர்ப்புத் தங்கை, குழந்தைகளுக்கான கார்னிவலில் ஆடுவதற்காக ஒரு ரீங்காரச்சிட்டு உடை செய்து கொடுத்தார். 12 பேர் 5 வாரம் வேலை செய்தார்கள். மொத்தம் 104 இறகுகள், ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் துணித் துண்டுகளால் ஆனது. அந்தச் சிறுமி அசைந்ததும் முழு உடையும் உயிர் வந்த மாதிரி படபடத்தது. அதற்கு முன் பெரிய உடை என்றால் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற பாரம்தான். இறக்கையை உடம்பின் அசைவோடு சேர்க்கிற நுணுக்கத்தை அவர் இந்த ஊரின் பழைய வௌவால் வேஷத்திலிருந்து கற்றார். அந்த வேஷத்தைக் கட்டியவர்களின் உத்தியை ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார். புதுமை செய்தவர் யாரிடம் கற்றேன் என்று வெளிப்படையாகச் சொன்னார் பார், அதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன்.

இனி அந்த இறகுக் கிரீடம். இங்கே ஃபேன்சி இண்டியன் என்று ஒரு மாஸ் உண்டு, அந்த இண்டியன் நாம் இல்லை, அமெரிக்கப் பழங்குடிகள். அதன் வேர் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்று முகத்தில் வாழும் வராவ் மக்கள். முன்பெல்லாம் அவர்கள் படகில் வந்து சான் ஃபெர்னாண்டோ வழியாக வியாபாரத்துக்குப் போவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இந்த ஊர்க்காரர்கள் உடம்பில் செம்மண் நிறம் பூசி, அவர்கள் பேச்சின் சாயலில் பேசி ஆடினார்கள். பிற்பாடு ஹாலிவுட் கௌபாய் படங்கள் வந்தன, கிரீடம் பெரிதாகிப் பெரிதாகி இப்போது சக்கரம் வைத்துத் தள்ளுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதை ஆடுகின்றன, அவர்கள் ஒவ்வொரு மணியையும் கையால் கோக்கிறார்கள், தங்களுக்குள் பேசும் பேச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஏதோ ஒரு பழங்குடியின் பெயரை ஒரு பிரிவுக்கு வைத்து, பிகினிக்கு மேல் கிரீடத்தைச் சொருகி விற்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வட அமெரிக்கச் சமவெளி மக்களிடம் அந்த இறகு ஒவ்வொன்றும் ஒரு செயலுக்காகத் தரப்படுவது, காசு கொடுத்துத் தலையில் வைக்கிற அலங்காரம் கிடையாது. ட்ரினிடாடின் முதல்குடிகளும் எங்கேயும் போய்விடவில்லை. அரிமாவில் சாண்டா ரோசா சமூகமாக இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுக்காக 2017 அக்டோபர் 13ஆம் தேதியை ஒரு முறை மட்டும் பொது விடுமுறையாக அறிவித்தார்கள். கேட்க வேண்டுமென்றால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

நம் பக்கமும் சொல்லிவிடுகிறேன். இங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளி. பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள், ஆனால் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. காளிமாய் கோவில்களில் இன்றும் தமிழ்ச் சொற்கள் கலந்த பாட்டு கேட்கிறது. 2007இல் பிரையன் மெக்ஃபார்லேன் என்ற வடிவமைப்பாளர் இந்தியாவையே கருவாக எடுத்து ஒரு குழு நடத்தினார். பட்டும் சரிகையும் தெருவில் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பெருமைதான். தெய்வ உருவம் என்றால் யோசிப்பேன். 1995இல் மின்ஷல் 'ஹல்லெலூயா' என்று பெயர் வைத்ததற்கே சில கிறிஸ்தவச் சபைகள் கொதித்தன. அவர் பெயரை மாற்றவில்லை. அந்த உடைகளின் படங்களைப் பார்த்தால் கேலி எதுவும் தெரியவில்லை, பக்திதான் தெரிகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. எனக்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: செவ்வாய் இரவு இந்த உடை எங்கே கிடக்கும்? ஆடிக் களைத்தவர்கள் முதுகுச் சட்டத்தையும் கிரீடத்தையும் நடைபாதையில் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், மறுநாள் காலையில் நகராட்சி வண்டி அள்ளுகிறது. சாக்கடை ஓரத்தில் கிடக்கக் கூடாத எதையும் உடையாகத் தைக்க மாட்டேன். செயின்ட் ஜேம்ஸில் நடக்கிற ஹோசேயைப் பார்த்தால் இந்த ஊருக்கே அந்த எல்லை தெரியும் என்று புரியும். மொஹரத்துக்கு மூங்கிலும் காகிதமும் வைத்து தாஜா என்கிற அற்புதமான கல்லறை மாதிரிகளைக் கட்டுகிறார்கள், பல மதத்தாரும் கூடித் தாஸா மேளம் அடிக்கிறார்கள். கலையில் எந்தக் கார்னிவலுக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் அதைக் கார்னிவலாக்காதீர்கள் என்று கட்டுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, இந்த நாட்டின் 1997 பதிப்புரிமைச் சட்டத்தில் மாஸ் ஒரு தனிப் படைப்பு வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்த ஹோட்டல் எடுத்த படங்கள் யாரோ ஒரு வடிவமைப்பாளர் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தவை. அப்படியே நகலெடுக்காதே.

இனி உன் வேலை. ஆர்டரை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன், கூலி வாங்கவேண்டிய தையல்காரர்கள் உன்னிடம் இருக்கிறார்கள். கிரீடத்தை எடுத்துவிடச் சொல். கறுப்புச் சாயத்துக்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதே. இங்கேயும் உடம்பில் பூசுகிறார்கள்தான், ஆனால் அது வேறு. ஜாப் மொலாசி என்ற பிசாசு வேஷத்தில் கரும்புப்பாகும் தாரும் பூசுவது கரும்புத் தோட்டத்து அடிமை வாழ்வின் நினைவு. பாராமின் மலைக் கிராமத்தில் நீலம் பூசிய பிசாசுகள் திங்கள் சாயங்காலம் இறங்கி வந்து அலறுகின்றன. கரீபியன்காரர் மாதிரி தெரிவதற்காக ஒருவர் தோலில் கறுப்பு பூசுவது இந்த மக்களைக் கேலி செய்வது. இதை ஹோட்டல்காரரிடம் நேராகவே சொல்.

அதற்குப் பதிலாக மூன்று வேஷம் சொல். டேம் லொரேன் ஒன்று, உன் கைக்கு ஒரு வாரத்து வேலை. மிட்நைட் ராபர் இன்னொன்று. குஞ்சம் தொங்கும் குடை போன்ற தொப்பி, மண்டையோடு தைத்த நீள அங்கி, ஊதல். வாய்ஜாலம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தால், வருகிறவர்களை வழிமறித்துத் தன் வீரப்பிரதாபத்தை அளந்துவிட்டுக் காசு கேட்பார், அதுதான் அந்த வேஷத்தின் உயிர். மூன்றாவது பரோகீட். இடுப்பில் கழுதைக் கூடு மாட்டி, தோளில் வார் போட்டு, துணிப் பாவாடையால் கால்களை மறைத்து ஆடுவது. இங்குள்ள இந்தியர்கள் இதையே குதிரையாக்கி சுமாரி என்று ஆடுகிறார்கள். தஞ்சாவூரில் பொய்க்கால் குதிரைக் கூடு கட்டுகிறவர்களை உனக்குத் தெரியுமே, அவர்களிடமே கொடு. மேடை ஓரத்தில் ஒவ்வொரு வேஷத்தின் பெயரும், எந்த ஊர், யார் ஆடுவது என்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல். அறிவிப்பாளர் அதை வாசிக்கட்டும்.

பரோகீட் கூட்டின் அளவுகளை எங்கள் கேம்ப் பெரியவரிடம் கேட்டேன், வரைந்து தருகிறேன் என்றிருக்கிறார். அவர் பெயரை நிகழ்ச்சியில் சொல்வார்களா என்று மட்டும் கேட்டார். சொல்வார்கள் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆடப்போகிறவர்களின் உயரமும் இடுப்புச் சுற்றளவும் இந்த வாரத்துக்குள் அனுப்பு, அடுத்த தபாலில் வரைபடம் வந்துவிடும். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

அன்புடன்,
கலா