பம்பு இல்லை, சரி, வட்டம் அறுந்தால்?

சிறு அணுஉலைகளை வடிவமைப்போருக்கும் அவற்றுக்கு உரிமம் வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

‘பம்பே இல்லை, மின்சாரம் போனாலும் குளிர்ச்சி நிற்காது’ என்ற பேச்சு சிறு உலைகளைப் பற்றிய விளக்கங்களில் தூக்கலாகவே கேட்கிறது. அதில் முக்கால்வாசி உண்மைதான். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலேறுகிறது. மேலே வெப்பத்தை இழந்ததும் கனத்துக் கீழிறங்குகிறது. பம்பில்லாமல் ஓடும் இந்த வட்டத்துக்குத்தான் இயற்கைச் சுழற்சி என்று பெயர். நெதர்லாந்தின் டோடேவார்ட் கொதிநீர் உலை 1969 முதல் 1997 வரை இப்படித்தான் ஓடியது.

உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் தீயால் நிலையம் முழுக்க மின்சாரம் அற்றுப்போனது. உலை நின்றாலும் சூடு நிற்பதில்லை. நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல், ஒரு நாள் கழித்தும் ஏறக்குறைய அரை சதவீதம் வந்துகொண்டே இருக்கும். அன்று அதை உலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது இயற்கைச் சுழற்சிதான். ஆனால் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் நீராவி ஜெனரேட்டர்களுக்குள் தீயணைப்பு நீரை டீசல் பம்பு கொண்டு ஊழியர்கள் செலுத்தினார்களே, அதை ஏனோ யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த உந்துவிசை எவ்வளவு மெலிது என்று பாருங்கள். 10 மீட்டர் உயர வேறுபாடும் சுமார் 50 டிகிரி வெப்ப வேறுபாடும் இருந்தால், கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. குழாயின் உச்சியில் வாயு தேங்கினாலே அது தோற்றுவிடும். அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்தில் 1979-ல் பம்புகளை நிறுத்தியபோது இயற்கைச் சுழற்சி கைகொடுக்கும் என்று இயக்கியவர்கள் நம்பினார்கள். குழாய்களில் நீராவி அடைத்திருந்தது. சுழற்சி தொடங்கவே இல்லை.

நியூஸ்கேல் என்ற அமெரிக்கச் சிறு உலையின் உரிம ஆய்வில் 2020-ல் எழுந்த கேள்வி இன்னும் நுட்பமானது. விபத்தில் நீர்மட்டம் ஏறுகுழாயின், அதாவது சூடான நீர் மேலேறும் குழாயின், உச்சிக்குக் கீழே இறங்கினால் வட்டம் அறுகிறது. கொதித்தெழும் நீராவி, தொடர்வினையை அடக்க நீரில் கலந்திருக்கும் போரானை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறது. அந்த நீராவி குளிர்ந்து வெளிப்பக்கம் சேரும் நீரில் போரான் குறைவு. அந்த நீர் மொத்தமாக எரிபொருள் பகுதிக்குள் புகுந்தால் தொடர்வினை மீண்டும் தலைதூக்கலாம். கடைசியில் செய்த மாற்றம், உள்நீரும் வெளிநீரும் கலக்க ஏறுகுழாயில் சில சிறு துளைகள்! இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வு என்றால் இப்படித்தான் நோண்டிக் கேட்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை: சோதனை மாதிரிகளில் சுழற்சி தடுமாறிய, நின்றுபோன ஓட்டங்களின் அளவீடுகளையும் வெளியிடுங்கள். முக்கியமாக, உலையைத் தொடங்கும் கட்டத்தில் எடுத்தவற்றை. அழுத்தமும் திறனும் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் ஓட்டம் ஊசலாடும். வணிக ரகசியம் என்பீர்கள். உற்பத்தி முறையை மறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கவில்லை. கடைசியில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வெளித் தொட்டியின் நீர் எத்தனை நாளுக்கு வரும், அது தீர்ந்தபின் யார், எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெப்பப் பொறியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்