பாசார் தானியின் பின்கேட்டைத் திறந்துவிடக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்

அனுப்புநர்:
மேல் லயம், கீழ் லயம் குடும்பத்தார்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இது எங்கள் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் மலாயில் எழுதிக் கவுண்டரில் கொடுத்தோம். முத்திரை குத்திய நகல் கையில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. நீங்களும் தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று கோவில் கூட்டத்தில் சொன்னார்கள். அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன்.

இடத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை பாசார் தானி, அதாவது உழவர் சந்தை, கூடும் திடல், அதன் பின்னால் மாரியம்மன் கோவில், அப்புறம் கால்வாய்ப் பாலம், பாலம் தாண்டினால் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். பின்கேட் திறந்திருந்தால் ஐந்து நிமிட நடை.

1. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆட்களை ஒரே வாசலில் விட்டு உடல் சூடு பார்க்க வேண்டும் என்று பின்கேட்டைப் பூட்டினார்கள். நியாயமான காரணம், நாங்களும் கட்டுப்பட்டோம். வீட்டுக்கு ஒருவர் மட்டும் போனோம், மைசெஜாத்தெரா கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிந்தோம். 2022 ஏப்ரல் 1-இல் நாடு அந்தக் கட்டத்தைத் தாண்டியது. அடுத்த மாதமே கடைகளில் பதிவதும் வேண்டாம் என்றாகிவிட்டது. எங்கள் கேட்டில் மட்டும் அதே பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது.

2. இப்போது பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடைபாதை கிடையாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சனிக்கிழமை காலையிலும் ஆலைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒதுங்கினால் கால்வாய். என் அம்மாவுக்கு 71 வயது, முப்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவி முட்டி தேய்ந்துவிட்டது. போகும்போதாவது கை வெறுங்கை. திரும்பும்போது ஒரு கையில் கங்கோங் கீரை, பயற்றங்காய், முருங்கைக்காய், இன்னொரு கையில் தேங்காயும் மீனும். போன மாதம் பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததில் பயந்து ஒதுங்கினவர், சரளைக்கல் இடறி விழுந்துவிட்டார். மீன் பை கால்வாயில் போய்விட்டது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை ஐயா. பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கின மீன் போச்சே, போச்சே என்றுதான் வீடு வந்து சேரும்வரை அழுதார். டாக்சி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். போக வர 14 வெள்ளி. காய்கறியில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

3. கேட்காமல் இல்லை. காவலுக்கு இருக்கும் ஜாகாவைக் கேட்டால் சாவி ஆபீசில் இருக்கிறது என்கிறார். ஆபீசில் கேட்டால் சந்தை நிர்வாகத்தைப் பாருங்கள் என்கிறார்கள். நிர்வாகத்தினர் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைக் காட்டுகிறார்கள்: சந்தைக்கு வருவோருக்கு ஒரே வழிதான், அதுதான் விதி. அதே பலகையில் நாய், பூனை கொண்டுவரக் கூடாது, மோட்டார் சைக்கிளை உள்ளே ஓட்டக் கூடாது, புகைபிடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அவற்றில் ஒன்றையும் நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் காரில் வருகிறவர் வாசலிலேயே இறங்கிக்கொள்கிறார், நடந்து வருகிறவர் மட்டும் ஊரைச் சுற்ற வேண்டும் என்றால் இது என்ன விதி? 1985-இல் பாசார் தானி தொடங்கியதே, நடுவில் தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்க வேண்டும், மக்கள் மலிவாக வாங்க வேண்டும் என்பதற்காகத்தானே? அந்த மலிவு யாருக்குத் தேவை ஐயா? எங்களுக்குத்தானே! வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் மீன்காரர் விலை கூவுவது காதில் விழுகிறது. போய் வாங்கத்தான் முடியவில்லை. இரண்டு மனு கொடுத்தாகிவிட்டது. இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

4. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வருகிறவர்கள் சுற்றி வருவதற்குள் சந்தை கலைந்துவிடுகிறது.

5. கேட்டைத் திறந்துவிடுங்கள். சனிக்கிழமை காலை ஆறரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை திறந்தால் போதும். மோட்டார் நுழைந்துவிடும் என்று பயமிருந்தால் நடுவில் ஓர் இரும்புக் கம்பி நட்டுவிடலாம். காவலுக்கு ஆள் இல்லையென்றால் கோவில் இளைஞர்கள் முறைபோட்டு நிற்கத் தயார், சம்பளம் வேண்டாம்.

ஐயா, கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் ஒருமுறை எங்கள் லயத்துக்கு வர வேண்டும். என் அம்மா கூடையோடு நிற்பார். அவரோடு பெரிய ரோடு வழியாகச் சந்தைவரை நடந்து பாருங்கள். அதற்கு முன்பே கேட்டைத் திறக்கச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தயவுசெய்து திறந்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
மேல் லயம், கீழ் லயம் குடும்பத்தார் சார்பில்

இணைப்பு: 43 குடும்பங்களின் கையெழுத்து, முந்தைய இரண்டு மனுக்களின் நகல்